ஒரு பிடி தூசி போதும், டாங்கி நின்றுவிடும்!

திருவள்ளூர் மாவட்டத்தில் 'டேங்க் ஃபேக்டரி' என்றால் அது ஒன்றுதான். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் 'விஜயந்தா' டாங்கி இங்கிருந்துதான் முதன்முதலாக உருண்டு வெளியே வந்தது. அதன்பிறகு டி-72 'அஜேயா', டி-90 'பீஷ்மா', உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட 'அர்ஜுன்' என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. குடியரசு தின அணிவகுப்பில் டெல்லி கடமைப் பாதையில் டாங்கிகள் செல்லும்போது, "அது எங்க ஊர் வண்டி" என்று ஆவடிக்காரர்கள் உரிமையோடு சொல்வார்கள்.

டாங்கி செய்த கதை நிறையப் பேருக்குத் தெரியும். செய்த டாங்கியை ஓட வைத்துக்கொண்டே இருப்பதன் கதை அவ்வளவாக வெளியே வருவதில்லை. ஆனால், ஒரு டாங்கியின் ஆயுளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கதைதான். டி-72 டாங்கிகள் இந்திய ராணுவத்துக்கு வரத் தொடங்கியது 1970-களின் இறுதியில். தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தபோது புதிதாக வந்த வகையை இன்று பேரன் ஓட்டுகிறான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வகை வண்டி படையில் இருக்கிறது என்றால், தினமும் யாரோ ஒருவர் அழுக்குத் துணியும் ஸ்பேனருமாக அதன் அடியில் படுத்து எழுந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வாரம் அவர்களுடைய வேலையைப் பார்ப்போம்.

யானைக்கு எறும்பு, டாங்கிக்குத் தூசி

டாங்கி என்றதும் அசைக்க முடியாத இரும்புக் கோட்டை என்றுதான் மனதில் தோன்றும். டி-72 சுமார் 41 டன். டி-90 சுமார் 46 டன். அர்ஜுன் மார்க்-1ஏ சுமார் 68 டன். வெளிப்புறக் கவசம் என்னவோ குண்டு தாங்கும். உள்ளே இருப்பது மற்ற வண்டிகளில் இருப்பதைப் போலவே டீசல் எஞ்சின், பம்ப், ரப்பர் குழாய், பேரிங், ஒயர், பேட்டரி. அவற்றுக்குக் கவசம் கிடையாது.

முதல் எதிரி தூசி. 1 கிலோ டீசல் முழுதாக எரிய, குறைந்தது 14 கிலோ காற்றாவது வேண்டும். 780 குதிரைத்திறன் கொண்ட டி-72 எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு காற்றை உறிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வண்டி ஓடுவதோ ராஜஸ்தான் பாலைவனத்தில். முன்னால் ஒரு டாங்கி போனால் பின்னால் வருகிற டாங்கி கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒரு புழுதி. அந்தப் புழுதியில் இருப்பது சிலிக்கா, அதாவது நுண்மணல். எஞ்சின் சிலிண்டருக்குள் அது நுழைந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். பிஸ்டன் வளையம் தேயும், சிலிண்டர் சுவர் தேயும். எஞ்சின் சக்தி குறையும், புகை தள்ளும், ஆயில் குடிக்கும்.

இதற்காகவே டி-72 வகை டாங்கிகளில் இரண்டு கட்டக் காற்று வடிகட்டி இருக்கிறது. முதல் கட்டத்தில் காற்றைச் சுழற்றிவிட்டுப் பெரிய தூசியை ஓரமாக ஒதுக்குவார்கள். நம் வீடுகளில் முறத்தில் அரிசி புடைக்கும்போது கல் தனியாக ஒதுங்குமே, அந்த மாதிரி. இரண்டாவது கட்டத்தில் கம்பி வலை அடுக்குகள் நுண்தூசியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த தூசியைக் கழுவி எடுக்காவிட்டால் வலை அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கழுவும்போது வலை கிழிந்திருப்பதைக் கவனிக்காமல் மாட்டிவிட்டால், வடிகட்டி இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

பல கோடி ரூபாய் வண்டியின் ஆயுள், அந்த வலையை ஒழுங்காகக் கழுவிக் காயவைத்து மாட்டும் ஒரு சிப்பாயின் கையில் இருக்கிறது.

காலை, இடைவழி, மாலை

ஆங்கிலேயர் கால ராணுவ வழக்கிலிருந்து வந்த மூன்று பெயர்கள் உண்டு. முதல் பரேடு, ஹால்ட் பரேடு, கடைசிப் பரேடு. இங்கே பரேடு என்றால் அணிவகுப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியைச் சோதிக்கும் வேளைக்குத்தான் அந்தப் பெயர்.

முதல் பரேடு, வண்டி கிளம்பும் முன்பு. எஞ்சின் ஆயில் அளவு, குளிர்விக்கும் நீர், டீசல், பேட்டரி இணைப்பு, விளக்கு, பிரேக், ரேடியோ, தீயணைப்பு சிலிண்டரின் அழுத்தம் எல்லாம் வரிசைப்படி பார்க்கப்படும். வண்டிக்குக் கீழே தரையில் புதிதாக எண்ணெய்த் துளி விழுந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சொட்டு கருப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், பச்சையாகவோ நிறமில்லாமலோ நீர்த்து இருந்தால் கூலன்ட் என்று அனுபவப்பட்டவர்கள் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஹால்ட் பரேடு, வழியில் வண்டி நிற்கும்போது. நெடுந்தூரம் ஓடியபின் பத்து நிமிடம் ஓய்வு கிடைத்தால், தேநீருக்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு ரோடு வீலின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பார்ப்பது பழைய பழக்கம். மற்ற சக்கரங்கள் இளஞ்சூடாக இருக்க, ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், உள்ளே பேரிங் கெடப்போகிறது அல்லது கிரீஸ் தீர்ந்துவிட்டது. இப்போது கவனித்தால் ஒரு பேரிங்கோடு போகும். கவனிக்காமல் விட்டால் சக்கரமே கழன்று, டிராக் பிய்ந்து, நடுக்காட்டில் 40 டன் இரும்பு படுத்துவிடும்.

கடைசிப் பரேடு, திரும்பி வந்து எஞ்சினை அணைத்த பிறகு. எல்லாரும் களைத்திருக்கும் நேரம் அது. அப்போதுதான் சேறு கழுவுவது, கிரீஸ் அடிப்பது, தளர்ந்த நட்டு போல்ட்டை முறுக்குவது, டீசல் நிரப்புவது, குறைகளை எழுதி வைப்பது. இந்த மூன்றில் அதிகம் ஏமாற்றப்படும் சோதனை இதுதான். "காலையில பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையில் இது தள்ளிப்போகும். காலையில் வண்டி தேவைப்படும்போது, நேற்று மாலை சொட்டிய ஆயில் மொத்தமும் தரையில் இருக்கும்.

நீண்ட தூரத்துக்கு டாங்கிகளை ஓட்டியே கொண்டு போவதில்லை. ரயில் வேகன், டிரெய்லர் லாரி ஆகியவற்றில்தான் ஏற்றிச் செல்வார்கள். காரணம் இந்தத் தேய்மானம்தான். டாங்கியின் ஆயுள் கிலோமீட்டரிலும் எஞ்சின் ஓடிய மணிக் கணக்கிலும் அளக்கப்படுகிறது. வீணாக ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தக் கணக்கிலிருந்து கழியும்.

செருப்பு வார் மாதிரி ஒரு டிராக்

டாங்கியின் சங்கிலிப் பட்டையை டிராக் என்பார்கள். இரும்புக் கட்டைகளைப் பின் போட்டுக் கோத்த மாலை அது. இறுக்கம் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்தால், வண்டி திரும்பும்போது சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். அதிகம் இறுகினால், பின்னும் பேரிங்கும் சீக்கிரம் தேயும், டீசலும் அதிகம் பிடிக்கும். சைக்கிள் செயினை முறுக்கிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும்.

கழன்ற டிராக்கை மறுபடி மாட்டுவது சாதாரண வேலை இல்லை. கடப்பாரை, சம்மட்டி, இழுவைக் கயிறு எல்லாம் வேண்டும். டி-72, டி-90 டாங்கிகளில் இருப்பது 3 பேர்தான். குண்டை நிரப்பும் வேலையை இயந்திரமே பார்ப்பதால் நாலாவது ஆள் இல்லை. அர்ஜுனில் 4 பேர். வெயிலில் கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில் நின்று மூன்று பேர் டிராக் மாட்டும்போது, ஒரு கை கூடுதலாக இருந்தால் எவ்வளவு நிம்மதி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். போர்க்களத்தில் இதே வேலையைச் செய்ய வேண்டியிருந்தால், கவசத்துக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். முந்தின நாள் மாலை பத்து நிமிடம் செலவழித்து இறுக்கத்தைச் சரி பார்க்காததற்குக் கொடுக்கும் விலை அது.

நின்றுபோன டாங்கி என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா. இரவோடு இரவாக வந்த பாகிஸ்தான் டாங்கிகள் பல, மணலில் சிக்கியும் பழுதாகியும் நின்றன. விடிந்ததும் ஜெய்சால்மரிலிருந்து கிளம்பிய இந்திய விமானப்படையின் ஹன்டர் விமானங்களுக்கு அவை எளிய இலக்காகிவிட்டன. ஓடுகிற வரைக்கும்தான் டாங்கி. நின்றுவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி.

நாலு படி வைத்தியம்

உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் வீட்டுக் கஷாயம், பிறகு பக்கத்துத் தெரு டாக்டர், அப்புறம் மாவட்ட மருத்துவமனை, கடைசியாகச் சென்னை ஜி.ஹெச். டாங்கிக்கும் அதே வரிசை உண்டு.

முதல் படி, வண்டியின் குழுவினரே செய்வது. துடைப்பது, நிரப்புவது, இறுக்குவது, கிரீஸ் போடுவது. இரண்டாவது, படைப்பிரிவோடு இருக்கும் மெக்கானிக்குகள். மூன்றாவது, களத்துக்குப் பின்னால் இருக்கும் பணிமனைகள். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ முழுதாகக் கழற்றி வேறு மாட்டும் வேலை இங்கே நடக்கும். நான்காவது, பெரிய தளப் பணிமனைகளும் ஆவடி தொழிற்சாலையும். அங்கே டாங்கியைக் கடைசி நட்டு வரை பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதிது போலக் கட்டி அனுப்புவார்கள். இதற்கு ஓவர்ஹால் என்று பெயர்.

முதல் படியைத் தவிர மற்ற படிகளில் ராணுவத்தின் சுமையைத் தாங்குவது 'ஈ.எம்.இ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மின், இயந்திரப் பொறியாளர் படை. 1943-ல் உருவான பிரிவு. ஆண்டுதோறும் அக்டோபர் 15 அவர்களுடைய படை நாள். 'கர்மமே தர்மம்' என்பது அவர்களின் வாசகம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டுப் படையில் சேரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பொருத்தமான இடம்.

2024 அக்டோபரில், டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள 505-வது ராணுவத் தளப் பணிமனையிலிருந்து, ஓவர்ஹால் முடித்த முதல் டி-90 டாங்கி வெளியே வந்தது. அடிக்கூடு வரை பிரித்து, இருநூறுக்கும் மேற்பட்ட பாகத் தொகுதிகளைக் கழற்றிச் சீர்செய்து மறுபடி கோத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் படைக்கு வந்த வகை அது. இருபது ஆண்டு உழைத்தபின் இன்னொரு ஆயுள் கிடைத்திருக்கிறது. புதிதாக ஒன்று வாங்குவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. முதல் படி வைத்தியம் ஒழுங்காக நடந்திருந்தால்தான் நான்காவது படியில் காப்பாற்ற முடியும்.

எஞ்சினுக்கும் ரத்தப் பரிசோதனை

வயது நாற்பதைத் தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எஞ்சினுக்கும் அப்படி ஒரு பரிசோதனை உண்டு. குறிப்பிட்ட மணிநேரம் ஓடியதும் எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் சிறு புட்டியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஆயிலில் எந்தெந்த உலோகத் துகள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கருவி சொல்லிவிடும்.

இரும்புத் துகள் அதிகம் இருந்தால் சிலிண்டரோ கியரோ தேய்கிறது. தாமிரம் கூடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சிலிக்கான் கூடினால் தூசி உள்ளே போகிறது, காற்று வடிகட்டியில் ஓட்டை. எஞ்சினைப் பிரிக்காமலே நோய் தெரிந்துவிடும். ரயில் எஞ்சின், விமானம், காற்றாலை எல்லாவற்றிலும் இதே முறைதான்.

இதைத்தான் முன்தடுப்புப் பராமரிப்பு என்கிறார்கள். கெட்டபின் சரி செய்வது ரிப்பேர். கெடுவதற்கு முன்பே கண்டுபிடித்து மாற்றுவது பராமரிப்பு.

பீரங்கிக் குழலுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும் குழலின் உள்பக்கம் கொஞ்சம் தேய்கிறது. எத்தனை குண்டு, எந்த வகைக் குண்டு என்று குழலுக்கென்றே தனி ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் குழலின் மிச்ச ஆயுள் யாருக்கும் தெரியாது. சுட்டபின் உள்ளே துடைத்து, எண்ணெய் பூசி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசம் பபினா பயிற்சி மைதானத்தில் ஒரு டி-90 டாங்கியின் குழல் வெடித்து இரண்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். ஒருவர் காயமடைந்தார். விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. குழல் வெடிப்புக்குக் குண்டின் குறை, உலோகத்தின் குறை, அடைப்பு என்று பல காரணங்கள் இருக்க முடியும். எதுவாக இருந்தாலும் விசாரிப்பவர்கள் முதலில் கேட்டு வாங்குவது அந்த ஏட்டைத்தான். டாங்கிக்குள் உட்காருகிறவரின் உயிர் இரும்பை மட்டும் நம்பி இல்லை. அந்தப் பதிவுகளையும் நம்பித்தான் இருக்கிறது.

பேனாவால் செய்யும் பராமரிப்பு

உலகத்தில் எந்தப் படையாக இருந்தாலும், எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. பார்க்காமலே 'பார்த்தாச்சு' என்று டிக் அடிப்பது. சரிபார்ப்புத் தாளில் நாற்பது கட்டம் இருந்தால் நாற்பதிலும் ஒரே மூச்சில் டிக் விழும். மை காய்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

அமெரிக்க ராணுவம் இதற்குக் கையாண்ட வழி சுவாரசியமானது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னரைக் கொண்டு ஒரு சிப்பாய்ப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். பெயர் ஜோ டோப். எந்த வண்டியைத் தொட்டாலும் சோம்பலால் கெடுத்துவிடும் அசட்டு ஆள். அவனைப் பார்த்துச் சிரித்த சிப்பாய்களுக்கு, கிரீஸ் போட மறக்கக் கூடாது என்பதும் சேர்ந்து மனதில் பதிந்தது. 1951-ல் முன்தடுப்புப் பராமரிப்புக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கப்பட்டது. ஐஸ்னர் அதற்கு இருபது ஆண்டு படம் போட்டார். பக்கம் பக்கமாக விதிமுறை எழுதினால் படிக்காதவர்கள், படக்கதையாகச் சொன்னால் படித்தார்கள்.

பணக்கார நாட்டுப் படைகளுக்கும் இந்தத் தலைவலி இருக்கிறது. 2022 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு பயிற்சி நடந்தது. 'பூமா' என்ற நவீனக் கவச வாகனங்கள் 18 கலந்துகொண்டன. பயிற்சி முடிவதற்குள் 18-ம் செயலிழந்தன. நாடே அதிர்ந்தது. பிறகு தயாரிப்பு நிறுவனங்கள் சோதித்துப் பார்த்து, பெரும்பாலானவை சிறிய பழுதுகள்தான் என்று அறிவித்தன. எந்தச் சிறிய பழுதும் தனியாக ஒரு படையை முடக்கிவிடாது. எல்லாம் ஒரே வாரத்தில் ஒன்றுசேர்ந்து வந்ததுதான் பிரச்னை.

உறைபனியில் ஒரு தலைவலி

2020-ல் கிழக்கு லடாக்கில் பதற்றம் கூடியபோது, டி-72, டி-90 டாங்கிகள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. ராஜஸ்தானின் 45 டிகிரி வெயிலுக்குப் பழகிய வண்டிகள், பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் மேல் இறங்கும் குளிருக்குப் போய் நின்றன. அந்தக் குளிரில் சாதாரண டீசலில் மெழுகு படியும், குழாய் அடைக்கும். எஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகும். பேட்டரியின் சக்தி பாதியாகக் குறையும். ரப்பர் சீல்கள் விறைத்து விரிசல் விடும். காற்றில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் எஞ்சின் முழு சக்தியையும் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒரு சின்ன போல்ட்டை முறுக்க வேண்டும். கையுறையைக் கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

அதனால், அங்கே கீழ்நாட்டு அட்டவணை செல்லாது. குளிருக்கான டீசல், குளிருக்கான ஆயில், உறையாத கூலன்ட், இடையிடையே எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி வைப்பது என்று எல்லாமே மாறும். பழுதான டாங்கியை மலை இறக்கிச் சமவெளிக்குக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. நியோமா, தவுலத் பெக் ஓல்டி பகுதிகளில், 14,500 அடிக்கும் மேலான உயரத்திலேயே பணிமனை வசதிகளை ராணுவம் அமைத்திருப்பதாக 2024-ல் செய்திகள் வந்தன.

கும்மிடிப்பூண்டிக்கு என்ன வேலை?

பராமரிப்பு அட்டவணை எவ்வளவு அருமையாக இருந்தாலும், மாற்றுவதற்குப் பொருள் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். அர்ஜுன் டாங்கிகளுக்கு நேர்ந்தது அதுதான். முதலில் வந்த 124 அர்ஜுன்களில் பல, வெளிநாட்டு உதிரிபாகம் வராமல் முடங்கியதாக 2010-களின் நடுவில் செய்திகள் அடிபட்டன. எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கிருந்து ஒரு சீல் வர மாதக்கணக்கானால், 1,400 குதிரைத்திறன் எஞ்சின் அந்த ஒரு சீலுக்காகக் காத்துக்கிடக்கும்.

இதைச் சரிக்கட்டத்தான் உள்நாட்டுத் தயாரிப்புக்கு இப்போது இவ்வளவு அழுத்தம். இறக்குமதி செய்யக் கூடாத 101 ராணுவப் பொருள்களின் முதல் பட்டியல் 2020 ஆகஸ்ட்டில் வந்தது. 2021 பிப்ரவரியில் சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மோடி அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு ஆவடி தொழிற்சாலைக்கு ஆர்டர் கிடைத்தது. மதிப்பு சுமார் 7,523 கோடி ரூபாய். அடுத்த மாதமே பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, டாங்கிப் பிரிவு 'ஏ.வி.என்.எல்.' என்ற பெயரில் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. 2024 மார்ச்சில் மைசூருவில் 1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு டாங்கி எஞ்சின் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. 2025 மார்ச்சில், டி-72 டாங்கிகளுக்கு 780-க்குப் பதில் 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க ரஷ்யாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழில்நுட்பம் ஆவடிக்கு மாற்றித் தரப்பட வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு.

இங்கேதான் நம் பகுதியின் பட்டறைகள் வருகின்றன. அம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை இரும்பு உருக்கு ஆலை, வார்ப்புப் பட்டறை, ரப்பர் மோல்டிங், லேத் பட்டறை என்று வரிசையாக இருக்கின்றன. டாங்கிக்குத் தினசரி தேவைப்படுவது பெரும்பாலும் இவர்கள் கை வைக்கக்கூடிய பொருள்கள்தான். புஷ், பின், சீல், கேஸ்கெட், வடிகட்டி வலை, ரப்பர் பேடு. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019-ல் திருச்சியில் தொடங்கியபோது, சென்னை உட்பட ஐந்து மையங்கள் அறிவிக்கப்பட்டன. சிறு தொழில்முனைவோர் எதிர்பார்ப்பது இந்தச் சின்ன உருப்படிகளுக்கான ஆர்டரைத்தான்.

ஆர்டரோடு பொறுப்பும் சேர்ந்தே வரும். சாதாரண மோட்டார் பம்ப்புக்குப் போகும் சீல் ஒழுகினால் வயலில் தண்ணீர் பாய்வது ஒரு நாள் தள்ளிப்போகும். டாங்கிக்குப் போகும் சீல் ஒழுகினால், சூடான எஞ்சினில் எண்ணெய் தெறித்துத் தீப்பிடிக்கலாம். உள்ளே மூன்று பேர் இருப்பார்கள். அதனால்தான் ராணுவப் பொருளுக்கு உலோகச் சான்று, வெப்பப் பதப்படுத்தலின் பதிவு, ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை அறிக்கை என்று கேட்டுத் துளைக்கிறார்கள். 'ஒரு மைக்ரான்ல என்ன சார் வந்துடப் போகுது?' என்பது பட்டறையில் கேட்கும் கேள்வி. லடாக்கில் விறைத்த விரலோடு அந்தப் பின்னை மாட்டப் பார்க்கும் ஆளுக்கு, அது உள்ளே போகாமல் நிற்கும்போது பதில் தெரியும். சிப்காட்டில் இரவு ஷிப்ட்டில் கேஜ் வைத்து அளக்கும் பெண்ணும், நியோமாவில் டிராக் மாட்டும் சிப்பாயும் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதே இல்லை. ஆனால், அவர் அளந்ததை இவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

வீட்டு வாசலில் ஒரு முதல் பரேடு

ஆயுத பூஜை அன்று திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைகளில் லேத் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. வீட்டு வாசலில் ஸ்கூட்டருக்கு எலுமிச்சை நசுங்கும். வருடத்தில் ஒரு நாள் இயந்திரத்தைக் கழுவித் துடைத்துக் கும்பிடுகிற நல்ல வழக்கம். பூஜை முடிந்த மறுநாளிலிருந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்காது.

ஜி.என்.டி. சாலையில் கும்மிடிப்பூண்டி வேலைக்கு பைக்கில் போகிறவர்களுக்கு ராணுவத்தின் மூன்று வேளை சோதனை அப்படியே பொருந்தும். கிளம்பும் முன்: டயரை அழுத்திப் பாருங்கள், முன் பின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், தரையில் எண்ணெய்த் துளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு நிமிடம் ஆகும். வழியில் டீக்கு நிறுத்தும்போது: செயின் தளர்ந்து சத்தம் போடுகிறதா, ஏதாவது கருகிய வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். வீடு திரும்பியதும்: வண்டி ஓட்டும்போது உணர்ந்த குறையை அப்போதே போனில் குறித்துவையுங்கள். 'பிரேக் கொஞ்சம் இழுக்குது' என்பது தூங்கி எழுந்தால் மறந்துவிடும். அடுத்த நாள் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும்போதுதான் மறுபடி ஞாபகம் வரும்.

வீட்டில் கேஸ் அடுப்பின் ரப்பர் டியூபுக்கும் இது பொருந்தும். அதில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இதைப் படித்து முடித்ததும் சமையலறைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்க்காமல் டிக் மட்டும் அடிக்காதீர்கள்.